தொட்டில் பழக்கம் மாறுமா?

“தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். “ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. ஒருவர் எடுத்ததற்கெல்லாம் சீறி விழுகிறாரா? இன்று உயிர் நண்பன் என்றவரை நாளையே பகைவன் என்கிறாரா? “அவர் குணமே அப்படி” என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். வழக்கு முடிந்தது!

மாணவ நண்பர்களே, இந்தப் பழமொழிகளை இயற்பியல் படிக்கும் கண்ணோடு ஒரு முறை பாருங்கள். உங்களுக்கு நன்கு பழக்கமான ஒரு விதி அவற்றில் ஒளிந்திருப்பது தெரியும். நியூட்டனின் முதல் விதிதான் அது. ஓய்வில் இருக்கும் பொருள் ஓய்விலேயே இருக்கும். நேர்க்கோட்டில் சீராக இயங்கும் பொருள் அப்படியே இயங்கிக்கொண்டிருக்கும். இதை நிலைமம் என்கிறோம். மனிதரின் குணத்துக்கும் நிலைமம் உண்டு என்பதே பழமொழியின் கருத்து. ஆனால் தேர்வில் விதியை இவ்வளவோடு எழுதி நிறுத்தினால் முழு மதிப்பெண் கிடைக்குமா? கிடைக்காது. “புறவிசை ஒன்று செயற்படாத வரை” என்ற சொற்கள் விட்டுப்போயின அல்லவா? விதியின் உயிரே அந்தச் சொற்களில்தான் இருக்கிறது.

அப்படியானால், பல ஆண்டுகள் ஒரே தடத்தில் ஓடிப் பழகிவிட்ட குணத்தைத் திருப்பக்கூடிய புறவிசை ஏதேனும் உண்டா? உண்டு, அது மருந்தன்று, பேச்சு என்று 100 ஆண்டுகளுக்கும் மேலாகச் சில மருத்துவர்கள் சொல்லி வந்தார்கள். சொன்னால் போதுமா? சோதித்துப் பார்க்க வேண்டாமா? அந்தச் சோதனையைப் பற்றித்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

குணமா, கோளாறா?

ஒவ்வொருவருக்கும் ஒரு சுபாவம் உண்டு. சிலர் கலகலப்பானவர்கள், சிலர் வாய் திறக்கவே யோசிப்பவர்கள். சிலருக்கு மூக்கின் மேல் கோபம். இவையெல்லாம் நோய்கள் அல்ல. ஆனால் ஒருவர் தம்மைப் பற்றி எண்ணும் விதமும், பிறரோடு பழகும் விதமும் ஆண்டுக்கணக்கில் அவருக்கும் சுற்றியுள்ளவர்களுக்கும் பெருந்துன்பம் தருமாயின், வீடு, படிப்பு, வேலை, நட்பு எல்லாவற்றையும் குலைக்குமாயின், அதை மருத்துவர்கள் ‘ஆளுமைக் கோளாறு’ என்கிறார்கள். காய்ச்சலைப் போல நாலு நாள் வந்து போவதன்று இது.

இவற்றுள் அதிகம் ஆராயப்பட்டது ‘பார்டர்லைன்’ எனப்படும் எல்லைநிலை ஆளுமைக் கோளாறு. ஒரு காலத்தில் மருத்துவர்கள் மனநோய்களை இலேசானவை, கடுமையானவை என்று இரண்டு பெட்டிகளில் போட்டு வைத்திருந்தனர். இரண்டிலும் அடங்காமல் எல்லைக்கோட்டில் நின்ற சிலரைப் பற்றி 1938-ல் நியூயார்க் மருத்துவர் அடால்ஃப் ஸ்டெர்ன் எழுதினார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பெரியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு இந்தக் கோளாறு உண்டு என்பது மதிப்பீடு.

இவர்களுடைய துன்பம் எப்படிப்பட்டது? தோல் உரிந்த இடத்தில் காற்றுப் பட்டாலே எரிகிறதல்லவா? அதுபோல, பிறருக்குச் சாதாரணமாகத் தோன்றும் ஒரு சொல் இவர்களைச் சுடும். நண்பர் அரைமணி நேரம் தாமதமாக வந்தால், “என்னைக் கைவிட்டுவிட்டார்” என்ற அச்சம் பாறைபோல் நெஞ்சில் விழும். மனநிலை ஒரே நாளில் பல முறை ஏறி இறங்கும். “நான் யார்?” என்பதே தெளிவில்லாமல் உள்ளே ஒரு வெறுமை இருக்கும். தாங்க முடியாத வேளையில் சிலர் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்வதும், உயிருக்கே ஆபத்து நேர்வதும் உண்டு. ஆகவே இது வெறும் ‘குணக்கேடு’ என்று ஒதுக்கிவிடக் கூடிய செய்தியன்று.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மேலே உள்ள வரிகளைப் படித்ததும் வகுப்பில் யாருக்கேனும் இந்தப் பெயரைச் சூட்டத் தோன்றுகிறதா? கூடாது. உங்களுக்கு நீங்களே சூட்டிக்கொள்ளவும் கூடாது. உங்கள் வயதில் மனம் ஏறி இறங்குவது இயல்பு. ஆளுமை இன்னும் உருவாகிக்கொண்டே இருக்கிறது. மேலும், 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், ஆளுமைக் கோளாறுகளைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பிரிப்பதற்குப் பதிலாக, இலேசு, நடுத்தரம், கடுமை என்று அளவு வைத்தே முதலில் பார்க்கச் சொல்கிறது. வெப்பநிலை போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘சூடானவர்கள்’, ‘குளிர்ந்தவர்கள்’ என்று இரண்டு சாதி இல்லை. எல்லாரும் ஒரே அளவுகோலில் வெவ்வேறு இடத்தில் நிற்கிறோம்.

இயற்பியலிலிருந்து போன சொல்

“இயற்பியல் ஆசிரியருக்கு மனநோய் மருத்துவத்தில் என்ன வேலை?” என்று நீங்கள் கேட்கலாம். இந்தச் சிகிச்சையின் பெயரிலேயே எங்கள் பாடம் இருக்கிறது! இதற்கு ‘சைக்கோடைனமிக்’ சிகிச்சை என்று பெயர். டைனமிக்ஸ் என்பது இயக்கவியல். விசைகளையும் அவற்றால் விளையும் இயக்கத்தையும் பற்றிய பாடம். தமிழில் ‘மனவியக்கச் சிகிச்சை’ எனலாம்.

அந்தச் சொல் அங்கே எப்படிப் போனது? ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற பெயரை ஆற்றல் அழிவின்மை விதியோடு சேர்த்துப் படித்திருப்பீர்கள். 1847-ல் அவ்விதியை விரிவாக எழுதியவர் அவர். படிப்பாலும் தொழிலாலும் முதலில் மருத்துவர். அவருடைய நண்பர் எர்ன்ஸ்ட் புரூக்கே. உயிருள்ள உடலில் மந்திரசக்தி ஏதும் இல்லை, இயற்பியல், வேதியியல் விசைகளே செயற்படுகின்றன என்பது அந்த நண்பர் குழுவின் உறுதியான கொள்கை. புரூக்கே வியன்னா பல்கலைக்கழகத்தில் உடலியல் ஆய்வுக்கூடம் நடத்தினார். அங்கே 1876 முதல் 1882 வரை மீன்களின் நரம்பு உயிரணுக்களை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர்தான் சிக்மண்ட் ஃபிராய்டு.

பின்னாளில் மனநோய் மருத்துவரானபோதும் ஃபிராய்டு இயக்கவியலின் மொழியிலேயே சிந்தித்தார். மனத்தில் எதிரெதிரான விசைகள் உள்ளன. ஓர் ஆசை மேலே தள்ளுகிறது, ஓர் அச்சம் கீழே அழுத்துகிறது. இவற்றுள் பெரும்பகுதி நமக்கே தெரியாமல் ‘நனவிலி’யில் நடக்கிறது என்றார். 1895-ல் அவரும் ஜோசஃப் பிராயர் என்ற மருத்துவரும் சேர்ந்து ஒரு நூல் வெளியிட்டனர். அதில் வரும் ‘அன்னா ஓ’ என்ற பெண், தன் துன்பங்களைப் பேசப் பேசப் பாரம் குறைவதைக் கண்டு, அதற்குப் ‘பேச்சு வைத்தியம்’ என்று தானே பெயர் வைத்தாள். அவளுடைய உண்மைப் பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். நூல் சொல்வதுபோல் அவள் உடனே குணமாகிவிடவில்லை. பின்னும் மருத்துவமனைக்குச் சென்றாள் என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் ஆவணங்களைத் தேடிக் கண்டனர். ஆனால் காலப்போக்கில் நலம் பெற்று, பெண்களுக்காக உழைத்த பெருந்தொண்டர் ஆனாள்.

ஃபிராய்டு சொன்னவற்றில் பல இன்று நிற்கவில்லை. ‘மன ஆற்றல்’ என்றார். அதை அளக்க ஜூல் போன்ற அலகு ஏது? அலகு இல்லாத ஆற்றலை இயற்பியல் ஏற்றுக்கொள்ளாது. ஆனால் அவர் கவனித்த ஒன்று மட்டும் உறுதியாக நின்றது. பழைய உறவில் உண்டான உணர்வை நாம் புதிய மனிதர்மேல் ஏற்றிவிடுகிறோம் என்பதே அது. கடுமையான ஓர் ஆசிரியரிடம் நீங்கள் ஓராண்டு படித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு அதே சாயலில் ஒருவர் வகுப்புக்குள் நுழைகிறார். அவர் வாய் திறப்பதற்கு முன்பே உங்கள் உள்ளங்கை வியர்க்கிறது. பாவம், அவர் மிக நல்லவராகவும் இருக்கலாம்! இதை ‘உணர்வு இடப்பெயர்ச்சி’ என்று சொல்வோம். மருத்துவரிடமும் நோயாளிக்கு இது நேர்கிறது. முதலில் இதை இடையூறு என்று எண்ணிய ஃபிராய்டு, பிறகு இதுவே சிகிச்சையின் முக்கியக் கருவி என்று உணர்ந்தார்.

குழந்தை போடும் கணக்கு

உறவைப் பற்றிய இந்தப் பழைய கணக்கு எங்கே தொடங்குகிறது? லண்டன் மருத்துவர் ஜான் பௌல்பி இதை ஆராய்ந்தார். பசிக்கு உணவு தேவைப்படுவதுபோல், அச்சத்துக்கு அடைக்கலமாக ஒருவர் குழந்தைக்குத் தேவை என்றார். “அழுதால் வருவார்களா? வந்தால் அணைப்பார்களா?” என்ற கேள்விகளுக்குத் தனக்குக் கிடைத்த விடைகளைக்கொண்டு குழந்தை தன்னுள்ளே உலகத்தின் மாதிரி ஒன்றை அமைத்துக்கொள்கிறது.

அவருடன் பணியாற்றிய மேரி எயின்ஸ்வொர்த், பின்னர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் இதற்கு ஓர் எளிய சோதனை அமைத்தார். ஒரு வயதுக் குழந்தையும் தாயும் புதிய அறை ஒன்றில் இருக்கிறார்கள். தாய் சில நிமிடங்கள் வெளியே போய்த் திரும்புகிறார். குழந்தை என்ன செய்கிறது? பெரும்பாலான குழந்தைகள் அழுதாலும், தாய் வந்ததும் ஓடி ஒட்டிக்கொண்டு, சற்று நேரத்தில் விளையாடப் போய்விட்டன. சில, ஒட்டிக்கொண்டே தாயை உதைத்தன, சமாதானமாகவில்லை. வேறு சில, தாய் வந்ததையே கவனிக்காததுபோல் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தன. “அடடா, எவ்வளவு தைரியமான பிள்ளை!” என்று நாம் சொல்லியிருப்போம். ஆனால் 1970-களில் அத்தகைய குழந்தைகளின் இதயத்துடிப்பைக் கருவிகொண்டு அளந்தபோது, அது விரைந்து அடித்துக்கொண்டிருந்தது! வெளியே அமைதி, உள்ளே புயல்.

இதைப் படித்ததும் எல்லாப் பழியையும் தாயின்மேல் போட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்தில் சிலர் அப்படித்தான் செய்தார்கள், அது தவறு. எல்லைநிலைக் கோளாறு சிலருக்கு வருவதும் சிலருக்கு வராததும் ஆகிய வேறுபாட்டில், ஏறத்தாழ பாதிக்கு மரபின் பங்கு உண்டு என்று இரட்டையர்கள், குடும்பங்கள் பற்றிய ஆய்வுகள் காட்டுகின்றன. மிக நுண்ணிய உணர்வோடு பிறந்த குழந்தை, அதை அமைதிப்படுத்த இயலாத சூழல், சில வேளைகளில் கொடுமை அல்லது இழப்பு, இவை சேர்ந்தே தடம் பதிகிறது. செம்மண் சாலையில் மழைக்காலத்தில் பதியும் வண்டித் தடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வெயிலில் அது இறுகிவிட்டால், அடுத்து வரும் வண்டியின் சக்கரமும் அதிலேயே போய் விழும். வண்டிக்காரர் மேல் குற்றமில்லை. ஆனால் சாலைக்கு வேறு வழியே இல்லை என்பதும் பொருளன்று.

பிஸ்கட் டப்பாவில் பொத்தான்

அந்தத் தடத்திலிருந்து வெளியே வர எந்தத் திறமை வேண்டும்? இதை அறிய, வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று சொல்கிறேன். பழைய பிஸ்கட் டப்பாவில் பொத்தான்களைப் போட்டு மூடுங்கள். 3 வயதுக் குழந்தையிடம் காட்டி, “உள்ளே என்ன?” என்று கேளுங்கள். “பிஸ்கட்!” என்று சொல்லும். திறந்து பொத்தான்களைக் காட்டிவிட்டு மூடுங்கள். பிறகு, “தாத்தா இதைப் பார்க்கவில்லை. அவர் வந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று நினைப்பார்?” என்று கேளுங்கள். 3 வயதுக் குழந்தை பெரும்பாலும் “பொத்தான்” என்றே சொல்லும். தனக்குத் தெரிந்தது தாத்தாவுக்கும் தெரியும் என்பது அதன் எண்ணம். 5 வயதுக் குழந்தையோ சிரித்துக்கொண்டே “பிஸ்கட்னு நினைப்பார்!” என்று சொல்லும். ஹைன்ஸ் விம்மர், ஜோசஃப் பெர்னர் ஆகிய உளவியலாளர்கள் 1980-களில் நடத்திய சோதனைகளின் வீட்டு வடிவமே இது.

பிறர் மனம் வேறு, என் மனம் வேறு. அவர் நினைப்பதை நான் ஊகிக்கத்தான் முடியும். என் ஊகம் தவறாகவும் இருக்கலாம். இந்த அறிவை ‘மனமறிதல்’ என்று அழைக்கலாம். நம் எல்லாருக்கும் இது உண்டு. ஆனால் எப்போதும் உண்டா? இங்கே காந்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காந்தத்தைச் சூடேற்றினால், ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் அது காந்தத் தன்மையை இழந்துவிடும். இரும்புக்கு அது சுமார் 770 டிகிரி செல்சியஸ். நிக்கலுக்குச் சுமார் 360 டிகிரியிலேயே வந்துவிடும். அதுபோல, கோபமும் அச்சமும் ஓர் அளவைத் தாண்டினால் மனமறியும் திறமை நம் எல்லாரிடமும் மறைகிறது. “அவன் என்னை அவமானப்படுத்தத்தான் சிரித்தான்” என்று சத்தியம் செய்யத் தயாராகிவிடுகிறோம். எல்லைநிலைக் கோளாறு உள்ளவர்களுக்கு, நெருங்கிய உறவுகளில் அந்த எல்லை மிக விரைவில் வந்துவிடுகிறது என்பது லண்டனைச் சேர்ந்த அந்தோனி பேட்மன், பீட்டர் ஃபோனகி ஆகியோரின் கருத்து. மனமறிதலைப் பயிற்றுவிக்கும் மனவியக்கச் சிகிச்சை ஒன்றை அவர்கள் உருவாக்கினார்கள். இதே காலத்தில் நியூயார்க்கில் ஆட்டோ கெர்ன்பெர்க் குழுவினர், உணர்வு இடப்பெயர்ச்சியையே மையமாக வைத்து இன்னொரு முறையை வகுத்தனர்.

சிகிச்சை அறையில் என்ன நடக்கிறது?

ஒரு கற்பனைக் காட்சியைப் பாருங்கள். வாரந்தோறும் குறித்த நாளில், குறித்த நேரத்தில் ஒரு பெண் மருத்துவரிடம் வருகிறார். பேச்சின் நடுவில் மருத்துவரின் பார்வை சுவர்க் கடிகாரத்தின் பக்கம் போகிறது. அந்தப் பெண்ணின் முகம் மாறுகிறது. “நான் பேசுவது உங்களுக்குச் சலிப்பு. எல்லாரையும் போலத்தான் நீங்களும்!” என்று எழுந்துவிடுகிறார்.

வீட்டில் இது நடந்தால் என்ன ஆகும்? ஒன்று சண்டை, அல்லது கெஞ்சல். எப்படியும் பழைய தடம்தான். மருத்துவர் இரண்டையும் செய்வதில்லை. “நான் கடிகாரத்தைப் பார்த்தது உண்மை. அந்தக் கணத்தில் உங்கள் மனத்தில் என்ன ஓடிற்று? சற்றுப் பின்னே போய்ப் பார்க்கலாமா?” என்கிறார். இருவரும் சேர்ந்து படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றுகிறார்கள். பார்வை, அதற்குக் கொடுத்த பொருள், பொருளால் எழுந்த அச்சம், அச்சத்தை மூடிய கோபம் என்று ஒவ்வொரு படியாக வெளிச்சத்துக்கு வருகிறது. வேறு பொருள்களும் இருக்கலாம் என்பது மெல்லத் தெரிகிறது. முக்கியமான இன்னொன்றும் நடக்கிறது: கோபித்தும்கூட உறவு அறுந்துபோகவில்லை. அடுத்த வாரம் அதே நேரத்தில் அதே நாற்காலி காத்திருக்கிறது.

ஒரு முறை நடந்தால் தடம் மாறாது. பற்பல முறை, மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டும். நாம் தேடிய புறவிசை இதுதான்: உறவில் பதிந்த தடத்தை இன்னோர் உறவுக்குள்ளிருந்தே மெல்லத் திருப்புவது.

பேச்சை எப்படிச் சோதிப்பது?

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. உண்மையா? இங்கேதான் அறிவியல் மாணவர் விழித்துக்கொள்ள வேண்டும். “ஜலதோஷத்துக்கு மருந்து சாப்பிட்டால் ஒரு வாரத்தில் போகும், சாப்பிடாவிட்டால் ஏழு நாளில் போகும்” என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். சிகிச்சைக்குப் பின் குணமானார் என்பதால், சிகிச்சையால் குணமானார் என்று ஆகிவிடாது.

எல்லைநிலைக் கோளாற்றில் இந்த எச்சரிக்கை மிகவும் தேவை. அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் மேரி சானரினி குழுவினர் 290 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, 2010-ல் பத்தாண்டு முடிவுகளை வெளியிட்டனர். 93 சதவீதத்தினருக்கு, நோய்க்குறிகள் குறைந்தது 2 ஆண்டுகளாவது கோளாறு என்று சொல்லும் அளவுக்குக் கீழே தணிந்திருந்தன. பலவகைச் சிகிச்சை பெற்றவர்கள் அவர்கள். ‘மாறவே மாறாது’ என்று மருத்துவர்களே நம்பியிருந்த கோளாறு மாறுகிறது என்று இது காட்டியது. ஆனால் பாதிப்பேர்தான் வேலை, உறவு ஆகியவற்றிலும் நன்கு நிலைபெற்று முழுநலம் அடைந்திருந்தார்கள்.

காலப்போக்கிலேயே பலருக்கு நோய்க்குறிகள் தணியும் என்றால், பேச்சுச் சிகிச்சையின் பங்கு எவ்வளவு என்று எப்படி அறிவது? ஒப்பீட்டுக் குழு வேண்டும். யார் எந்தக் குழு என்பதை மருத்துவரும் தீர்மானிக்கக் கூடாது, நோயாளியும் தீர்மானிக்கக் கூடாது. திருவுளச்சீட்டுப் போடுவதுபோல் தற்செயலாக அமைய வேண்டும்.

பேட்மனும் ஃபோனகியும் வடக்கு லண்டனின் பகல்நேர மருத்துவப் பிரிவு ஒன்றில் இதைச் செய்து, 1999-ல் முடிவை வெளியிட்டனர். ஆய்ந்தவர்கள் 38 பேர். பாதிப்பேருக்கு அதிகபட்சம் 18 மாதங்கள் மனவியக்கச் சிகிச்சை. மீதிப்பேருக்கு வழக்கமான மனநல மருத்துவம். சிகிச்சை அளித்தவர்கள் பெரிய நிபுணர்கள் அல்லர். பயிற்சியும் மேற்பார்வையும் பெற்ற மனநலச் செவிலியர்கள். ஆறாவது மாதத்தில் வேறுபாடு தெரியத் தொடங்கியது. 18 மாத முடிவில், சிகிச்சை பெற்ற குழுவில் மனச்சோர்வும் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்வதும் தெளிவாகக் குறைந்திருந்தன.

அதைவிட வியப்பான செய்தி 2008-ல் வந்தது. சோதனையில் சேர்ந்து 8 ஆண்டுகள் கழித்து 41 பேரை மீண்டும் தேடிக் கண்டு ஆய்ந்தனர். வழக்கமான மருத்துவம் பெற்ற குழுவில் 87 சதவீதத்தினருக்கு அப்போதும் கோளாறு இருந்தது. மனவியக்கச் சிகிச்சை பெற்ற குழுவிலோ 13 சதவீதத்தினருக்கு மட்டுமே. உயிருக்கு ஆபத்தான முயற்சிகளும் இந்தக் குழுவில் மிகக் குறைவு. வேலையில் இருந்த காலமும் அதிகம். சராசரியாக இவர்களுக்கு 3.2 ஆண்டுகள், அவர்களுக்கு 1.2 ஆண்டுகள். விசை நின்ற பிறகும் புதிய பாதையிலேயே இயக்கம் தொடர்ந்திருக்கிறது. இதுவும் முதல் விதிதானே!

கேள்விகள் இன்னும் உண்டு

உடனே கைதட்டிவிடலாமா? பொறுங்கள். 41 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. மேலும், சிகிச்சையை உருவாக்கியவர்களே சோதனையையும் நடத்தினார்கள். ஒப்பீட்டுக் குழுவுக்குக் கிடைத்த வழக்கமான மருத்துவம், அத்தனை கவனமும் நேரமும் கொண்டதன்று. ஆகவே 2009-ல் அவர்களே 134 பேரைக் கொண்டு கடினமான சோதனை ஒன்றை வெளியிட்டனர். இம்முறை ஒப்பீட்டுக் குழுவுக்கும் நன்கு திட்டமிட்ட, ஒழுங்கான உதவி தரப்பட்டது. இரு குழுக்களும் முன்னேறின. மனமறிதல் குழுவின் முன்னேற்றம் மேலும் விரைவாக இருந்தது. ஆனால் 2013-ல் வெளியான டென்மார்க் சோதனை ஒன்றில், எளிய ஆதரவுக் குழுவும் ஏறத்தாழ அதே அளவு முன்னேறியது. நியூயார்க்கில் கெர்ன்பெர்க் குழுவினர் 90 பேரைக் கொண்டு மூன்று வகைச் சிகிச்சைகளை ஒப்பிட்டு 2007-ல் வெளியிட்ட சோதனையிலும் மூன்றுமே பலன் தந்தன. மனமறியும் திறமை மட்டும் இடப்பெயர்ச்சி முறையில்தான் உயர்ந்தது.

2020-ல் ‘காக்ரேன்’ என்ற பன்னாட்டு ஆய்வாளர் அமைப்பு 75 சோதனைகளை, 4,507 நோயாளிகளின் முடிவுகளை ஒன்றாக எடைபோட்டுப் பார்த்தது. பேச்சுச் சிகிச்சைகள் பொதுவாகப் பலன் தருகின்றன. ஆனால் பலன் மிதமானது, சான்றுகளும் இன்னும் வலுப்பட வேண்டும் என்பது அதன் தீர்ப்பு. மனவியக்க முறையைப் போலவே, வேறு அடிப்படையில் அமைந்த முறைகளும் உதவுகின்றன. எல்லாவற்றுக்கும் பொதுவாக உள்ளது எது என்ற ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. இந்தக் கோளாற்றுக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை ஏதும் இல்லாத நிலையில், இந்த ஆராய்ச்சி எவ்வளவு முக்கியம் என்று எண்ணிப் பாருங்கள். நம் நாட்டில் இத்தகைய பயிற்சி பெற்றவர்கள் மிகக் குறைவு. உங்களில் சிலர் அந்தத் துறைக்கு வந்தால் நல்லது!

உங்களுக்குச் சில சொற்கள்

இதையெல்லாம் படித்த பயனாக, நாளைக்கே செய்யக்கூடியது ஒன்றுண்டு. நண்பன் முகம் கொடுக்காமல் போனால், “திமிர்” என்று முடிவு கட்டுவதற்கு முன், பிஸ்கட் டப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே உள்ள படத்தைப் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்லிவிட முடியாது. காந்தம் சூடாக இருக்கும்போது பேசாமல், சற்று ஆறிய பின், “நேற்று ஏன் அப்படிப் போனாய்?” என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

ஆனால், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் ஒருவரை, அல்லது “நான் இருந்து என்ன பயன்?” என்று பேசும் ஒருவரை நீங்கள் அறிந்தால், அந்த இரகசியத்தைக் காக்க வேண்டாம். “என் முன்னால் வைத்தியம் பண்ணிக் காட்டுகிறேன்” என்று நீங்களே இறங்கவும் வேண்டாம். அவரைத் தனியே விடாமல், நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடம், ஆசிரியரிடம் உடனே சொல்லுங்கள். துன்பப்படுபவர் நீங்களே ஆனாலும் அப்படித்தான். மைய அரசு 2022-ல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ மனநலத் தொலைபேசி உதவிக்கு எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

“அவர் குணமே அப்படி” என்று யாரேனும் வழக்கை முடிக்கும்போது, விடுபட்டுப்போன சொற்களை நீங்கள் சேர்த்துச் சொல்லுங்கள்: “புறவிசை ஒன்று செயற்படாத வரை!”